நெயில் பாலிஷ் பொட்டு

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கல்லைப் பார்த்ததும் துளசிராமனுக்குச் சிரிப்புதான் வந்தது. இதைக் காட்டவா ஒரு கட்டடம், ஒரு வாட்ச்மேன்! பூண்டி அணைக்கு வறுத்த மீன் தின்ன எத்தனையோ தடவை வந்திருக்கிறான். இப்படி அகழ்வைப்பகம் என்று ஒரு மியூசியம் இருப்பதை இன்றுதான் எட்டிப் பார்க்கிறான், அதுவும் மகளுக்காக.

பூமிகா ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்தவளை மறுபடி அதே வகுப்பில் உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டிலிருந்தே படித்துப் பத்தாவது எழுதப் போகிறாள். கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் ஏனோதானோதான். ஆதிகால வரலாறு என்றால் மட்டும் சோறு தண்ணி வேண்டாம். கொஞ்ச நாளாக அந்தப் புத்தகத்தையும் மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "இன்னா கண்ணு, படிக்கலியா?" என்றால், "புடிக்கலப்பா" என்பாள். இதுவும் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்குப் பிடிமானம் என்று ஒன்றுமே இல்லை. துளசிராமன் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, ஆதிகால வரலாற்றில் வேறு புத்தகம் தேடித் திருவள்ளூர் கடைகளில் அலைந்தான். எல்லாரும் பரீட்சை கைடைத்தான் நீட்டினார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் பூண்டிக்குப் போய்ப் பாருங்கள் என்றார்.

சிரித்துக்கொண்டே குனிந்தவன் கண்ணில், கல்லின் ஓரத்தில் இருந்த வெள்ளைப் பொட்டு பட்டது. அதன்மேல் பொடி எழுத்தில் ஓர் எண். பக்கத்துக் கல்லிலும் அப்படியே.

"இன்னா சார் இது நம்பரு?"

"எது எங்க கெடச்சதுன்னு தெரியணும்ல சார்? எல்லாம் இந்தச் சுத்துவட்டாரத்துல எடுத்தது. ஆதி மனுசன் செதுக்குனது" என்றார் வாட்ச்மேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. கழனியில் கால்வாய் வெட்டியபோது பூமிகாவும் கல் பொறுக்கினாள். கழுவி, ஒவ்வொன்றிலும் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்து, பேனாவால் எண் எழுதி, சிமெண்டுச் சாக்கில் சேர்த்து வைத்திருந்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்தான். போன மாதம் மோட்டார் ஷெட்டுக்குத் தளம் போடும்போது ஜல்லி பற்றவில்லை. சாக்கைக் கவிழ்த்தது அவன்தான். ஜல்லி வண்டி ஒரு நடை மிச்சம் என்று பெண்டாட்டி பிரேமாவிடம் பீற்றிக்கொண்டது வேறு. சாக்கைத் தேடி வந்த மகளிடம், "கல்லுதான கண்ணு, நம்ம கழனில கல்லுக்கா பஞ்சம்?" என்றான். அவள் காலிச் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுதிருந்தாலாவது அவனுக்கு உறைத்திருக்கும்.

திருப்பாச்சூர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், கண்ணாடிப் பெட்டிக் கல்லைப் போனில் எடுத்த படத்தை அவளிடம் நீட்டினான்.

"பூமி, இது நம்மூட்டுக் கல்லு மாதிரியே கீதும்மா."

"தெரியும்பா."

"தெரிஞ்சா ஏம்மா சொல்லல?"

"சொன்னேனே. பொறுக்கிக்கினு வரும்போதெல்லாம் சொன்னேன். நீ போன் பாத்துக்கினே ம், ம்-ன்ன."

அவனால் அங்கே நிற்க முடியவில்லை. மோட்டார் ஷெட்டுக்குப் போனான். தளத்துக்கு அடித்த பலகையைப் பிரித்த மூலையில், சிமெண்டுப் பால் மூடாமல் ஒரு கல் முகம் காட்டிக்கொண்டிருந்தது. சேறு தெறித்த ரோஸ் பொட்டு; அதன்மேல் அவள் எழுத்தில் ஓர் எண். தினமும் இதைத் தாண்டித்தான் மோட்டார் போடுகிறான். விரலால் நெம்பிப் பார்த்தான், அசையவில்லை. ஓடிப்போய்க் கடப்பாறையைத் தூக்கி வந்தான்.

"வேணாம்பா" என்றாள் பூமிகா, பின்னால் வந்து நின்று. "ஒடஞ்சிரும்."

அவன் கடப்பாறையோடு நின்றான். அவள் தளத்தருகே குந்தி, துப்பட்டா முனையை வாய்க்கால் தண்ணீரில் நனைத்து, பொட்டின் மேலிருந்த சேற்றை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள்.