அரிசி நீளக் கீறல்

விமானம் தன் சக்கரங்களில் நேராக நின்றுகொண்டிருந்தது. ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதிக் கல்யாண மண்டபத்துக்குள் நாலடி எடுத்து வைத்ததுமே மாரியாயி அதைப் பார்த்துவிட்டாள். நேற்று சாயங்காலம் அவளும் புருஷன் மருதையும் அதை மல்லாந்தபடி படுக்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். அதற்கென்றே கம்பியை வளைத்து மருதை ஒரு தொட்டில் செய்திருந்தார். முதுகு கீழே, வயிறு மேலே. இப்போது தொட்டிலைக் காணோம். வெள்ளைத் துணி விரித்த மேசையில் மற்ற விமானங்களோடு வரிசை பிடித்து, ஸ்கூல் குரூப் போட்டோவுக்கு நிற்கும் பிள்ளையைப் போல அதுவும் விறைத்துக்கொண்டு நின்றது. முன்னால் ஒரு அட்டை. போயிங் 737, அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு, செய்தவர் ஆர். மருதை, செம்பட்டு.

மருதை கிட்டே போய் இரண்டு கையாலும் அதைத் தூக்கித் திருப்பினார். வயிறு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு கறை இல்லை, ஒரு கோடு இல்லை. பின்பக்கச் சரக்குக் கதவுக்குக் கீழே அவர் ஊசி முனையால் நெண்டி உண்டாக்கியிருந்த கீறலை யாரோ புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே பெயிண்டும் அடித்திருந்தார்கள். அவர் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். இன்னொரு தரம் தடவினார். பிறகு விமானத்தை மேசையில் வைத்துவிட்டு, "வா மாரி, போலாம்" என்றார்.

அது என்ன, போலாம்? மாரியாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அந்தக் கீறலைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பொம்மை விமானத்துக்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். மருதை திருச்சி ஏர்போர்ட்டில் பதினெட்டு வருஷம் பெட்டி ஏற்றி இறக்கினவர். ஒப்பந்தக்காரரின் ஆள். விமானத்தை ஊரே அண்ணாந்து பார்க்கும், கொடுத்து வைத்தவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர் பார்த்ததெல்லாம் வயிறுதான். எந்த ஓட்டையிலிருந்து எண்ணெய் கசியும், அதைக் காற்று எப்படிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், எந்த விமானம் குளித்து எத்தனை மாசமாயிற்று, எல்லாம் அவருக்கு அத்துப்படி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வந்து நின்ற விமானம் ஒன்றின் பின் கதவுக்குப் பெட்டி இறக்கும் பெல்ட் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். கதவுக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குக் கீறல். வண்டியை எட்டவே நிறுத்திவிட்டு சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். "சரி சரி, பெட்டியை இறக்கு" என்றான் அவன். பெட்டிகள் இறங்கின, வேறு பெட்டிகள் ஏறின. கிளம்புகிற நேரத்தில் இஞ்சினியர் கண்ணில் கீறல் பட்டது. ஐந்து மணி நேரத் தாமதம், உள்ளே பயணிகளின் கூச்சல், யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். பெல்ட் வண்டி ஓட்டியவன் தலை கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. சூப்பர்வைசருக்கு மட்டும் எதுவுமே ஞாபகம் இல்லாமல் போய்விட்டது.

வேலை போனதைக் கூட விட்டுத் தள்ளலாம். செம்பட்டில் அவருக்கு 'இடிச்சான் மருதை' என்று பெயர் விழுந்தது. டீக்கடையில் அதே பெயர், ரேஷன் கடையில் அதே பெயர். மகள் பவித்ராவின் கல்யாணத்தில் அவர் சாம்பார் வாளியோடு பந்திக்குள் போனபோது, "பாத்துப்பா, எல மேல இடிச்சிடாத" என்று ஒருத்தன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். மருதையும் சேர்ந்து சிரித்தார். மாரியாயி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அவரிடம் ஒரு சாட்சி இருந்தது, அதுவும் கண்ணுக்குள்ளேதான் இருந்தது. கதவுக்கு முன்னாலிருந்த சின்ன ஓட்டை ஒன்றிலிருந்து கிளம்பிய எண்ணெய்க் கறை பின்பக்கமாக ஓடி, அந்தக் கீறல் மேலேயே ஏறி, அறுபடாமல் அந்தப் பக்கம் போயிருந்தது. அப்படியானால் கீறல் முந்தி, கறை பிந்தி. அதுவும் ஒரு நாளில் படிகிற கறை இல்லை. புருஷன் இதைச் சொன்ன முதல் தடவையே மாரியாயிக்குப் புரிந்துவிட்டது. அவள் தையல்காரி. ஒட்டுப் போட்ட ரவிக்கையில் மஞ்சள் கறை ஒட்டுக்கு மேலேயும் ஓடியிருந்தால், ஒட்டு போட்ட பிறகுதான் மஞ்சள் பட்டிருக்கிறது. இதைச் சொல்ல இஞ்சினியர் எதற்கு? ஆனால் விசாரணையில் காட்டிய போட்டோவில் கீறல் மட்டும்தான் இருந்தது, ரொம்பக் கிட்டத்தில் எடுத்தது. விமானமோ பறந்து போய் எந்த ஊரிலோ குளித்துவிட்டது.

அப்புறம் அவர் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார். அடிக்கடி சிங்கப்பூர் போய்ச் சாமான் கொண்டுவரும் குருவி அன்வர், ஒரு தடவை ஏதோ நினைத்துக்கொண்டு பிளாஸ்டிக் விமானப் பாகங்கள் அடங்கிய டப்பா ஒன்றை அவர் கையில் கொடுத்தான். பிடித்துக்கொண்டார் மனுஷர். ஒட்டுவதும் தேய்ப்பதும் பெயிண்ட் அடிப்பதுமாக வருஷத்துக்கு இரண்டு. செய்து முடித்ததை அலமாரியில் வைக்க மாட்டார். தூண்டில் நரம்பில் கட்டி, மாரியாயியின் தையல் மெஷினுக்கு மேலே தொங்க விடுவார். அவருக்கு அப்படிப் பார்த்துத்தான் பழக்கம். தலையைத் தூக்கினால் பத்தொன்பது வயிறு, ஒவ்வொன்றிலும் அதனதன் அழுக்கு. அளவு கொடுக்க வந்த பெண்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு மாரியாயியைப் பார்ப்பார்கள். "வயித்துக்கு வழி பாக்கச் சொன்னா, வயித்தக் கொண்டாந்து தொங்க விட்டுருக்காரு" என்பாள் அவள். முடிந்துபோனதை எதற்குக் கிளறுகிறீர்கள், தூக்கிப் போடுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அவரும் சரி சரி என்பார்.

இருபதாவதுதான் இந்த விமானம். ஆறு மாச வேலை. இதை மட்டும் அவர் தொங்க விடவில்லை. ஒரு முழக் கீறல் எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருங்கியதில் ஓர் அரிசி நீளத்துக்கு வந்தது. மாதிரி விமானச் சங்கத்தின் கண்காட்சி என்று பேப்பரில் பார்த்து, தானே போன் செய்து பேர் கொடுத்தார். நேற்று டிவிஎஸ் எக்ஸெல்லில், மடியில் அட்டைப் பெட்டியோடு மாரியாயி பின்னால் உட்கார்ந்து வந்தாள். காவிரிப் பாலத்தில் ஆடிக் காற்று ஆளையே தள்ளியது. பெட்டிக்கு மேல் முந்தானையை இழுத்துப் போர்த்திக் குனிந்து கட்டிப்பிடித்துக்கொண்டபோதுதான், இது மண்டபத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தனக்கும் ஆசை இருப்பது அவளுக்கே தெரிந்தது.

சங்கத்துச் செயலாளர் அனுபமா சிரித்துக்கொண்டே வந்தாள். பேங்க்கில் வேலை பார்க்கும் பெண், நேற்று இவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தவள்.

"வந்துட்டீங்களா சார். வர்ற வழியில உங்க மாடல்ல ஒரு டேமேஜ் ஆயிருந்துச்சு. அடியில அழுக்கு வேற. ராஜ்மோகன் சார்தான் உக்காந்து ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, புட்டி வெச்சு சரி பண்ணாரு. இப்ப புதுசாட்டம் இருக்கு பாருங்க."

அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது. அடுத்தவர் விமானம் வழியில் அடிபட்டால், யார் கையில் புட்டி இருக்கிறதோ அவர் சரிசெய்து வைப்பது அந்தக் கூட்டத்தில் மரியாதை. சங்கத் தலைவர் ராஜ்மோகன் துவாக்குடியில் பட்டறை நடத்துபவர். வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள் நூறு விமானத்துக்கு மேல் தூசு படாமல் வைத்திருப்பவர். அவர் கண்ணுக்குக் கீறல் என்றால் அது கீறல்தான்.

"பரவால்லீங்க மேடம்" என்றார் மருதை.

பதினோரு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான், "பரவால்லீங்க சார்" என்று சொல்லி விசாரணையில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மாரியாயிக்கு அது ஞாபகம் வந்ததும் காது மடல் சுட்டது.

"பரவால்லன்னு சொல்ல முடியாதுங்க" என்றாள். "அது டேமேஜ் இல்ல. அவரு நெனச்சு செஞ்சது. அழுக்கும் அவரு வெச்சதுதான்."

அனுபமாவின் சிரிப்பு நின்றது. ராஜ்மோகன் சத்தம் கேட்டு வந்தார். மாரியாயி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பெல்ட் வண்டி, சூப்பர்வைசர், கறை, எதையும் விடவில்லை. மருதை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராஜ்மோகன் பொறுமையாகத்தான் கேட்டார்.

"கஷ்டமாத்தான்மா இருக்கு. ஆனா இது எக்ஸிபிஷன், கம்ப்ளெயிண்ட் கவுண்டர் இல்ல. படுக்க வெச்சா டேபிள் அழகே கெட்டுப் போயிரும். பத்தரைக்கு சீஃப் கெஸ்ட் வர்றாரு. அடுத்த வருஷம் உங்க இஷ்டப்படி வெச்சுக்கலாம்."

"அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னுதாங்க பதினோரு வருஷம் போச்சு. கம்ப்ளெயிண்டெல்லாம் எழுதி எழுதிக் குடுத்தாச்சு. இது வேடிக்க பாக்க வெச்சது. பாத்துட்டுப் போகட்டும்."

"அப்ப இந்த டேபிள்ல இடம் இல்லம்மா."

"வாசப்படியில வெக்கிறேன். வர்றவங்க தாண்டித்தான உள்ள வரணும்."

ராஜ்மோகனுக்கு முகம் சிவந்தது. அவர் சரிசெய்து கொடுத்ததற்கு ஒரு நன்றி கூட இல்லையே என்றும் இருந்திருக்கும். மாரியாயி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தாலிச் செயினில் கோத்திருந்த ஊக்கை உருவிப் புருஷன் கையில் கொடுத்தாள். மேசைக்கு அடியில் கிடந்த கம்பித் தொட்டிலை எடுத்து மேலே வைத்து, விமானத்தை அதில் மல்லாத்தினாள்.

"உக்காந்து நெண்டுங்க."

"வேணாம் மாரி. பெயிண்ட் கூடக் கொண்டாரல."

"அதுக்கு நான் வழி பண்றேன். நெண்டுங்க."

அவள் விறுவிறுவென்று வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் போனாள். தங்கள் எக்ஸெல்லின் சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். போதவில்லை. பக்கத்து வண்டிகளிலும் வழித்தாள். "என்னம்மா பண்றீங்க?" என்று காவலாளி கேட்டார். "கரி எடுக்குறேன்" என்று அவள் சொன்ன சொல்லில் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. தண்ணீர் பாட்டில் மூடி நிறையக் கரியோடு அவள் திரும்பி வந்தபோது, அனுபமா ராஜ்மோகனைப் பார்க்காமல் தன் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய பிரஷ்ஷையும் ஸ்பிரிட் பாட்டிலையும் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். கூடவே கைப்பையிலிருந்து ஒரு கண்மை டப்பா.

"இதுல எண்ணெப் பச இருக்குங்க. எண்ணெக் கறைக்கு நல்லா வரும்" என்றாள்.

மருதை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து நெண்டிக்கொண்டிருந்தார். புட்டி துகள் துகளாக உதிர்ந்தது. உள்ளே கீறல் பழையபடி கிடந்தது. பிறகு பிரஷ்ஷை எடுத்துக் கரியில் தோய்த்தவர், வெள்ளை வயிற்றுக்கு மேலே கையை நிறுத்திக்கொண்டு சும்மா இருந்தார். "எங்கேர்ந்து ஆரம்பிச்சேன்னே வர மாட்டேங்குது" என்று முணுமுணுத்தார்.

"முன் சக்கரக் குழிக்குப் பின்னால ரெண்டு கோடு" என்றாள் மாரியாயி. "எடது கோடு குட்ட."

அவர் போட்டார்.

"நடுவுல டயர் அடிச்ச சேறு. தெளிச்சாப்புல."

அவர் பிரஷ்ஷை விரலில் தட்டினார். ஆறு மாசமும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவர் இதைச் செய்தார்; ஒவ்வொரு கறையையும் சொல்லிச் சொல்லித்தான் வைத்தார். அவள் காது கொடுக்காத மாதிரி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். கீறல் விழுந்த அந்த நிஜ விமானத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதன் வயிறு முழுக்க அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். யாரோ செல்போனைத் தூக்கினார்கள். தூக்கட்டும் என்று விட்டாள்.

கடைசியாக அந்த ஓட்டை. அதிலிருந்து கிளம்பும் கறையைக் கண்மையும் கரியும் குழைத்துத் தொட்டு, மருதை பின்பக்கமாக இழுத்தார். கீறலுக்கு ஒரு நூலிழை முன்னால் அவர் கை தயங்கியது. பிரஷ் மேலே எழும்பப் பார்த்தது. அங்கே எழும்பிவிட்டால் கறை அந்த இடத்தில் அறுந்துபோகும்; அப்புறம் ஆறு மாசமும் வீண், பதினோரு வருஷமும் வீண்.

"தூக்காதீங்க" என்றாள் மாரியாயி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நீங்க இடிக்கல. ஒரே இழுப்பா இழுங்க."

அவர் இழுத்தார். கறை கீறல் மேல் ஏறி, பள்ளத்தில் கொஞ்சம் தேங்கி, அந்தப் பக்கம் இறங்கிப் போய் மெலிந்தது. மருதை பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. சீஃப் கெஸ்ட் சந்திரசேகர், ஓய்வு பெற்ற விமானி, எழுபது வயதிருக்கும். மேசை மேசையாக வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லியபடியே நகர்ந்தார். இங்கே வந்ததும் நின்றார். சுற்றிலும் எல்லா விமானமும் நிற்க, இது மட்டும் மல்லாந்து கிடந்தது. ராஜ்மோகன் முன்னால் வந்து, "சார், இதுல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தார். மாரியாயி கரி படிந்த கையை உயர்த்தினாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

"பாருங்கய்யா" என்றாள்.

சந்திரசேகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். அவருடைய ஆட்காட்டி விரல் விமானத்தைத் தொடாமல், சற்று மேலே, அந்த ஓட்டையிலிருந்து புறப்பட்டது. ஈரம் காயாத கறையோடு கூடவே மெதுவாகப் பின்பக்கம் போனது. கீறலைத் தாண்டியது. நின்றது. பிறகு திரும்பவும் ஓட்டைக்கே வந்து, இந்தத் தடவை இன்னும் மெதுவாக, முதலிலிருந்து நகரத் தொடங்கியது.