மகளின் பரீட்சையில் உம்மா

கெலிஓயாவில் ஜஹானாவைப் பேச்சில் வெல்ல ஆளில்லை. மகள் றுமைஸாவுக்குப் பதினொரு வயதில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய் வந்ததிலிருந்து, கிளினிக்கில் பிள்ளைக்காகப் பேசுவதும் அவள்தான். முழங்கால் வலியா, காய்ச்சலா, கன்னத்துச் சிவப்பா, டொக்டர் கேட்கும் முன்பே ஒப்பித்துவிடுவாள்.

ஆனால் இந்த மூன்று மாதமாக வீட்டில் நடப்பதைப் பற்றி மட்டும் அவள் மூச்சு விடவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை படித்தது நினைவில் நிற்காமல் விழிக்கிறாள், காரணமில்லாமல் அழுகிறாள், யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கிறாள். கிளினிக் புத்தகத்தில் மனநோய் என்று ஒரு வரி விழுந்தால் பிள்ளையின் வாழ்க்கையே போச்சு என்று ஜஹானாவுக்குப் பயம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அன்று பேராதனை ஆஸ்பத்திரியில், பிள்ளை பதிலுக்குத் தடுமாறுவதைக் கண்ட டொக்டர் ஸ்ரீதரன், ஞாபகத்தைச் சோதிக்க றுமைஸாவிடம் ஐந்து சொற்கள் சொன்னார்: யானை, குடை, பலாப்பழம், ரயில், கதிரை. பள்ளிக்கூடக் கதையெல்லாம் பேசிவிட்டு, அந்த ஐந்தையும் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"யானை..." என்ற றுமைஸா அப்படியே நின்றுவிட்டாள்.

பையை எடுக்கும் சாட்டில் டொக்டரின் முதுகுப் பக்கம் போன ஜஹானா, தலைக்கு மேல் கையை விரித்தாள்.

"குடை," என்றாள் பிள்ளை.

அடுத்து ஜஹானா வயிற்றுக்கு முன்னால் இரண்டு கைகளையும் வளைத்துப் பெரிய பழமொன்றைத் தூக்கிக் காட்டினாள். நர்ஸ் சிரித்துவிட்டாள். டொக்டர் திரும்பினார். ஜஹானா பலாப்பழத்தோடு நின்றாள்.

"உம்மாவுக்கு ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நோயாளி நீங்க இல்லையே," என்றார் அவர்.

றுமைஸாவும் சிரித்தாள். சிரிப்பு அழுகையாயிற்று. "செல்லித் தராதீங்க உம்மா. எனக்கு ஏலா. ஆளில்லாமலே சத்தம் கேக்குது. எனக்குப் பைத்தியம் புடிச்சிட்டு எண்டு நெனச்சேன். நீங்க பயந்துருவீங்க எண்டுதான் செல்லல்ல."

பிள்ளைக்காக மறைக்கிறோம் என்று ஜஹானா இருக்க, பிள்ளை அவளுக்காக மறைத்திருக்கிறது. இத்தனை நாளும் பிள்ளையைத் தனியே தவிக்க விட்டோமே என்று அழுதுகொண்டே மூன்று மாதக் கதையையும் கொட்டினாள்.

"இது பைத்தியமில்லை," என்றார் டொக்டர். "சின்ன வயசில வாற லூபஸ் சில பேருக்கு மூளையையும் தாக்கும். மறதி, அழுகை, இல்லாத சத்தம், எல்லாம் அதால வரலாம். ஸ்கேன் எடுத்துப் பாப்பம். மருந்து இருக்கு. மனம் விட்டுக் கதைக்கவும் ஒரு டொக்டர் இருக்கிறா."

இது நோய்தான், மருந்தும் உண்டு என்று கேட்டதே தாய்க்கும் மகளுக்கும் பாதி சுகம். கன்டீனில் ரோல்ஸ் தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள்.

பஸ்ஸில் பக்கத்து வீட்டு றம்லத். "புள்ளைக்கு என்னத்தையன்? மொகமெல்லாம் ஊதிப்போய் ஈக்கிது?"

காய்ச்சல் என்ற பொய் ஜஹானாவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். "செல்லுங்க மகள்," என்று பதிலை றுமைஸாவிடமே விட்டாள்.

"லூபஸ், மாமி. இப்ப மூளையையும் கொஞ்சம் புடிச்சீக்காம். மருந்து குடிச்சாச் சரியாகும்."

றம்லத் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு ஜஹானாவின் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "என்ட மகனும் ரெண்டு வருஷமா ஒழுங்காத் தூங்குறல்ல, ஆரோடயும் பேசுறல்ல. நான் ஆருக்கும் செல்லல்ல. எங்க கொண்டுபோய்க் காட்டுற, புள்ள?"

ஜஹானா நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள்.