பச்சைத் தீயும் நீல வாளியும்

என் வீட்டுக்காரருக்கு நீலத்தை விட்டால் வேறு நிறத்தில் எனக்கு ஒரு பொருள் வாங்கித் தரத் தெரியாது. ஸ்வெட்டர் நீலம், குடை நீலம், பாத்திரம் கழுவும் இடத்தில் கிடக்கும் வாளிகூட நீலம். நானோ பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறவள். வெள்ளையில் ஒரு சொட்டுக் கறுப்பு கூடிப்போனாலும் கண்டுபிடித்துவிடுவேன். எனக்குப் போய் இப்படி ஒரு புருஷன்!

படுக்கையறைச் சுவருக்கு அடிப்பதற்காக நிற அட்டைகளைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டினேன். "உன் இஷ்டம்" என்றார். பச்சைச் சட்டையோடு முன்னால் போய் நின்றால் "நல்லா இருக்கு". சிவப்புக்கும் அதே "நல்லா இருக்கு". செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இந்த நேரத்தில் எங்கள் முதலாளி வெளியூரில் ஒரு கிளை திறக்கிறார். "நீ வந்து பார்த்துக்கறியா? திங்கட்கிழமை பதில் சொல்லு" என்றார். இவருடைய தச்சுப் பட்டறை இங்கே இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது. போனால் நான் தனியாகத்தான் போக வேண்டும். போய்விடுவது என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். என்னைப் பார்க்காத மனுஷனுக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன, தூரத்தில் இருந்தால் என்ன? அவரிடமும் சொன்னேன். மரம் இழைக்கிற இழைப்புளியை நிறுத்தாமலே, "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன், பின்புறத்தில் விறகு அடுக்கித் தீ மூட்டியிருந்தான். தீயின் நிறத்தை மாற்றும் பொடிப் பொட்டலங்கள் கையில் இருந்தன.

"முதல்ல கிழங்கு சுட்டுத் தின்னு முடிங்க. பொடி விழுந்துட்டா அந்த நெருப்புல எதையும் சுடக்கூடாது. புகை போற பக்கம் யாரும் உக்காராதீங்க" என்றான். சாப்பிட்டு முடித்ததும் விளையாட்டை ஆரம்பித்தான். "நான் கை காட்டறவங்க தீ என்ன நிறம்னு சட்டுனு சொல்லணும். தப்பாச் சொன்னா பாத்திரம் தேய்க்கறதெல்லாம் அவங்க தலையில."

முதல் பொட்டலம் விழுந்தது. என்னைக் காட்டினான்.

"சிவப்பு. சும்மா சிவப்பு இல்ல, மாதுளை முத்துச் சிவப்பு."

"அண்ணிகிட்ட கேட்டது என் தப்பு" என்று அவன் தலையில் அடித்துக்கொள்ள, ஓரகத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த பொட்டலத்துக்குத் தீ பச்சையாக எழுந்தது. என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை, அவ்வளவு அழகு. கொழுந்தன் இவரைக் காட்டினான்.

"மஞ்சள்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். "விளையாடாதண்ணா!"

"சரி... சிவப்பு."

இன்னும் பெரிய சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இவர் வேடிக்கை பேசினால் யார் யார் சிரிக்கிறார்கள் என்று சுற்றிப் பார்ப்பார். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது.

மூன்றாவது பொட்டலம் விழுந்தது. யாரும் கேட்கவில்லை. "நீலம்" என்று இவரே சொன்னார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

அதற்குமேல் நான் தீயைப் பார்க்கவில்லை. ஸ்வெட்டர், குடை, வாளி என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே நிறத்தைத்தான் இந்த மனுஷன் இத்தனை நாளாக எனக்கு வாங்கித் தந்திருக்கிறார். அதை வைத்து நான் கேலி பேசியிருக்கிறேன்.

தோற்றவர் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்து கூடத் தேய்த்தேன்.

"உங்களுக்குப் பச்சை தெரியாதா?"

தேய்க்கிற கை நின்றது. "சிவப்பும்தான். ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். தம்பிக்குக்கூடத் தெரியாது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நிறம் கலக்கறவகிட்ட எப்படிச் சொல்றது? கடையில நடந்ததை நீ சொல்றப்ப உன் மொகமே பளிச்சுன்னு ஆயிடும். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சா எங்கிட்ட பேசறதையே விட்டுடுவியோன்னு பயம்."

"நான் என்ன போட்டிருக்கேன்னுகூட நீங்க பார்க்கறதில்லன்னு நெனச்சேன்."

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பழைய சட்டை. காலரைப் பிரிச்சுத் திருப்பித் தைச்சிருக்க. ரெண்டாவது பட்டன் மட்டும் புதுசு, மத்ததைவிடக் கொஞ்சம் பெருசு. இடது தோள்ல ஒரு சொட்டு பெயின்ட் காஞ்சு கெடக்கு. அது என்ன நிறம்னுதான் தெரியல."

நான் அழுதுவிட்டேன். சோப்புக் கையாலேயே கண்ணைத் துடைத்து எரிச்சல் வேறு. அவர் பதறிப்போய்த் தண்ணீர் அள்ளித் தந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, ஒரு தட்டைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொண்டே கேட்டார். "பச்சைன்னா எப்படி இருக்கும்?"

கடையில் எத்தனையோ பச்சைக்குப் பெயர் சொல்லுவேன். இலை மாதிரி என்று வாயைத் திறந்தேன். அவருக்கு இலை எப்படித் தெரிகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? மூடிக்கொண்டேன். தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக் கழுவிக் கவிழ்த்தேன்.

"அதைச் சொல்ல ரொம்ப நாளாகும்" என்றேன். "திங்கட்கிழமைக்குள்ள முடியற காரியம் இல்ல."