லிபியா திரும்பி வந்த வீடு

எங்கள் வீட்டில் கோபம் ஒன்றுதான் இருந்தது. அதை அக்கா லிபியா எடுத்துக்கொண்டாள். இரண்டாவதாகப் பிறந்த எனக்கு மிச்சம் கிடைத்தது பொறுமை.

"ஒரே வயித்துல பொறந்ததுங்களா இதுங்க ரெண்டும்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. லிபியா பால்வாடியிலேயே டீச்சரைக் கடித்தவள். நான், பெனிஷா, வாயில்லாப் பூச்சி. கம்பெனி பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால் நானே ஸாரி சொல்வேன். அம்மா அக்காவைத் திட்டிக்கொண்டே ரசிப்பாள். என்னைப் புகழ்ந்துவிட்டு மறந்துவிடுவாள்.

போன ஜூனில், ஷிப்ட் முடிந்து வந்த லிபியாவின் ஸ்கூட்டியை சிப்காட் ரோட்டில் ஒரு லாரி இடித்தது. அவள் இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகும் வீட்டில் யாரும் யாரிடமும் பேசவில்லை. எங்கள் எல்லோருக்குமாகப் பேசிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

மாடியில் வீட்டுக்காரர் திம்மராயன் இருந்தார். கீழ்வீட்டுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வு அவர் கையில். அதற்காக லிபியா மாடிப்படிக்குக் கீழே நின்று அவரிடம் கன்னடத்தில் சண்டை போடுவாள். அவரைத் திட்டுவதற்குத் தமிழ் பத்தவில்லை என்பாள். நான் குடத்தோடு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவள் போன பிறகு தண்ணீரும் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும் நேரம், குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் படியடிக்குப் போனேன்.

"நீரு பிட்தீரா, இல்வா?"

தண்ணீர் விடுகிறீர்களா இல்லையா என்று கேட்டது நான்தான். ஆனால் குரல் லிபியாவுடையது. இடுப்பில் வைத்திருந்த கைகூட அவளுடையது போலத்தான் இருந்தது. திம்மராயன் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய் வால்வுக்கு ஓடினார். குடம் நிரம்பி வழிந்தது. மூட ஆளில்லை. அம்மா வாசலில் அசையாமல் நின்றிருந்தாள்.

"பெனிஷாவுக்குக் கன்னடம் வராதே" என்றாள் அப்பாவிடம்.

பேசியதில்லை, அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் நின்று கேட்டவளுக்கு வராமல் போகுமா? இதைச் சொல்லவும் செய்தேன். அம்மா காதில் அது ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாக இருந்தது. அன்று முழுக்கத் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாளிலிருந்து என் தட்டில் கருவாட்டுக் குழம்பு. லிபியாவுக்கு அது உயிர். எனக்கு வாசனை பட்டாலே குமட்டும். அம்மா எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா சிங்கராயர் என் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

இதற்கு நடுவில் ஊத்தங்கரையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஆஸ்டின். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மாதிரிதான். அவனுடைய அம்மா காபியைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "பொண்ணு இருக்கிற சத்தமே தெரியல. எங்களுக்கு இப்பிடித்தான் வேணும். வேலைய வுட்டுட்டு ஊர்ல வந்து இருக்கட்டும்."

அப்பா தலையாட்டினார். என்னை ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று காத்திருந்தேன். தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்றேன்.

அவர்கள் எழுந்து போன பிறகு அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரோரமாக ஒதுங்கி நின்று அம்மாவிடம், "இது சின்னவ இல்ல மேரி. அவ வேணாம்னு சொல்லவே மாட்டா. பெரியவ பேசறா" என்றார்.

பிறந்ததிலிருந்து நான் சொன்ன முதல் 'வேணாம்' அது. அதையும் தூக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் கல்லாவியிலிருந்து பேயோட்டும் பாஸ்டர் எட்சன் வந்தார். நாங்கள் பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். பங்குச்சாமிக்குத் தெரியாமல் அப்பா அவரைக் கூப்பிட்டிருந்தார். லிபியாவை விரட்டிவிட்டால் ஊத்தங்கரைக்கு மறுபடி ஆள் அனுப்பலாம் என்பது அப்பாவின் கணக்கு.

பாஸ்டர் என் நெற்றியில் எண்ணெய் பூசி, தலையை அழுத்திப் பிடித்தார்.

"உம் பேரு என்ன?"

"பெனிஷா."

"பொய் சொல்லுது" என்றார் அப்பாவிடம். "அது அப்பிடித்தான் சொல்லும்."

கை இன்னும் அழுத்தியது. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். என் பெயரை நானே சொல்லச் சொல்ல, அது யாருடைய பெயரோ போல ஆகிக்கொண்டே வந்தது. பெனிஷா என்று சொன்னால் பேய் பொய் சொல்கிறது. பேசாமல் இருந்தாலோ பேய் போய்விட்டது, அடுத்தது கல்யாணம். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு வழியில்லை.

அப்போது அம்மா எழுந்து வந்து பாஸ்டரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வுட்டுடுங்க ஐயா. அவ போவ வேணாம். இங்கயே இருக்கட்டும்."

என் முன்னால் மண்டிபோட்டு, என் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். "லிபியா. நீதானடி? ஒரு வாட்டி சொல்லுடி."

அம்மா அதுவரை என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. அந்தப் பார்வைக்காகத்தான் சின்ன வயதிலிருந்து நான் சத்தம் போடாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஆமாம்மா" என்றேன். "அந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்."

"வேணாண்டி கண்ணு. வேண்டவே வேணாம்."

பாஸ்டர் பைபிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்பா அவரை அனுப்பிவிட்டு வெகுநேரம் வீட்டுக்குள் வரவில்லை.

அதற்குப் பிறகு ஊத்தங்கரைப் பேச்சே இல்லை. நான் வேலைக்குப் போய் வருகிறேன். படியடியில் நின்று லேசாகச் செருமினால் போதும், திம்மராயன் வால்வைத் திறந்துவிடுகிறார். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனபோது அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். யாருக்காக ஏற்ற வேண்டும் என்று கேட்டாள்.

நேற்று மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று தட்டை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் தெரிந்தது, நான் நடிக்கவில்லை. உண்மையாகவே இன்னும் வேண்டும்போல இருந்தது.

அம்மா கரண்டியோடு என் பக்கம் குனிந்து, அப்பாவுக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டாள்.

"ஏண்டி லிபியா, தங்கச்சி அங்க நல்லா இருக்காளா?"

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அது அக்காவின் குரலாகத்தான் வரும்.

"நல்லா இருக்காம்மா" என்றேன். "பேசாமத்தான் இருக்கா."

"அவ எப்பவும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா குழம்பை ஊற்றினாள்.