ஏசி வாயில் அத்தர்ப் பஞ்சு

நஜாத்துக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. மனைவி சுல்பா புத்தளம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறாள் என்றதும், கண்டக்குழி வீட்டில் விடியலிலேயே காரைக் கழுவத் தொடங்கிவிட்டான். கருவாடு ஏற்றிய கார். எத்தனை வாளி ஊற்றியும் வாடை அசையவில்லை. ஜும்ஆவுக்குப் போகும்போது காதுமடலில் செருகும் அத்தர்ப் பஞ்சு நினைவுக்கு வந்தது. குப்பியில் இருந்ததையெல்லாம் பஞ்சில் கவிழ்த்து, டாஷ்போர்டில் காற்று வரும் ஏசி வாய்க்குள் திணித்தான். வெளியே தெரியாதிருக்க ஈர்க்கினால் இன்னும் உள்ளே குத்தினான். மனுசன் புதுமாப்பிள்ளை கணக்கில் புறப்பட்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தும்போது, சுல்பாவின் தங்கை பஹ்மிதா வார்டிலிருந்து போனில் அழைத்தாள்.

"மச்சான், டிக்கட் வெட்டிட்டாங்க, வீட்ட போகலாமாம். மருந்து எடுத்ததும் ராத்தாவக் கூட்டிட்டு வாறேன். சாம்பிராணி, நுளம்புச் சுருள், அத்தர் ஒண்டும் கிட்ட வரக்கூடாதுண்டு டொக்டர் திரும்பவும் சொன்னார். இன்னொருக்கா மூச்சு இழுத்தா தாங்க மாட்டாவாம்."

"ஓம், ஓம்," என்றான். சுல்பா மூச்சுக்குத் தவித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் அவன். நெஞ்சுக்குள் விசில் அடித்த அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

ஏசி வாயைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினான், ஓரம் நசுங்கியது. தன்னையே திட்டிக்கொண்டு, காலாவதியான வங்கி அட்டையில் துணி சுற்றி மேல் விளிம்பில் நுழைத்தான். ஒரு பக்கம் விட்டது, மறுபக்கம் அடம்பிடித்தது. வாசலைப் பார்த்தான், இழுத்தான், மறுபடியும் வாசலைப் பார்த்தான். உள்ளே கிளிப் ஒன்று முறிய, முழுதும் கையோடு வந்தது. போனால் போகட்டும். குழாய்க்குள் விரலை விட்டுப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தான். ஈரத்துணியால் துடைத்தான். கதவுகளைத் திறந்து ஏசியை முழு வேகத்தில் விட்டான். அத்தர் என்னவோ குடியிருக்க வந்ததுபோல் போக மறுத்தது.

மிஞ்சிய கிளிப்புகளை நேர்பார்த்து, ஏசி வாயை உள்ளங்கையால் அழுத்திப் பொருத்தினான். முறிந்த பக்கம் ஆடியது. அதில் காகிதத்தை மடித்துச் செருகிவிட்டு நிமிர்ந்தால், தங்கையின் தோளைப் பிடித்தபடி சுல்பா நிற்கிறாள்.

பொய் சொல்ல நேரமில்லை. "கருவாட்டு வாடைக்கு அத்தர் வெச்சுட்டேன். எடுத்துட்டேன், ஆனா கொஞ்சம் மணம் ஈக்கிது. வேற வாகனம் புடிப்பமா?"

சுல்பா தலையை உள்ளே நீட்டி மோந்து பார்த்தாள். அவனுக்கு உயிர் போய் வந்தது.

"கண்ணாடியெல்லாம் இறக்குங்க," என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

கார் பாலாவியைத் தாண்டியது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. பின்சீட்டில் பஹ்மிதா ஏதோ கதைத்துக்கொண்டே வந்தாள். அவன் காது முழுவதும் சுல்பாவின் மூச்சில்தான். உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா. திடீரென்று அந்த விசில் கேட்டது. பதறிப்போய்க் காரை ஓரங்கட்டினான்.

"ஆஸ்பத்திரிக்கே திருப்பவா? இழுக்குது, எனக்குக் கேக்குது."

சுல்பா அவன் முதுகில் கையை வைத்தாள்.

"எனக்கில்ல, ஒங்களுக்குத்தான் இழுக்குது," என்றாள். "மூச்ச விடுங்க."