ஓட்டை அடைத்த பைப்பு

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற என் வீட்டில், சமையலறைக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டுகிறது. இத்தனைக்கும் என் கணவர் பிளம்பர். கேட்டால் "நாளைக்கு" என்பார். அடுத்த தெருவில் ஒரு குழாய் ஒழுகினால் இவருக்குச் சோறு இறங்காது. சொந்த வீட்டுக் குழாய்க்கு மட்டும் காது கேட்காது.

எனக்கு வேலை பாசன ஆராய்ச்சி நிலையத்தில். நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் தேங்கி நிற்கத் தேவையில்லை, காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினாலே விளைச்சல் குறையாது என்று நிரூபிக்க எட்டு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். செய்முறை சுலபம். ஒவ்வொரு பாத்தியிலும் சுற்றிலும் ஓட்டை போட்ட ஒரு பைப்பைப் புதைத்திருப்போம். மண்ணுக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ, ஓட்டை வழியாக வந்து பைப்புக்குள்ளும் அதே மட்டத்தில் நிற்கும். அது மண்ணுக்குக் கீழே ஒரு சாண் இறங்கியதும் உள்ளே இருக்கும் சென்சார் அந்தப் பாத்தியின் மோட்டாரை எழுப்பிவிடும். அதுவரை மோட்டார் தூங்கலாம், நாமும் தூங்கலாம்.

போன அறுவடைக்கு வந்த ஆய்வுக் குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கேள்விக்குறி. மனிதர் வாயைத் திறந்தால் கேள்விதான் வரும்.

"எல்லாம் சரிம்மா. இந்த சென்சார் மக்கர் பண்ணினா பயிர் என்ன ஆகும்?"

எட்டு வருடக் குறிப்பையும் புரட்டினேன். அதற்குப் பதில் அதில் இல்லை.

"அடுத்த அறுவடைக்குள்ள பதில் வரலைன்னா இந்த ஆராய்ச்சியை நிறுத்திடலாமா?"

கருவியை வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். எனக்கு மனசு வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பட்டினி போடச் சொன்ன மாதிரி இருந்தது. கெட்டே போகாத சென்சாராகப் பார்த்து வாங்கிப் போட்டுவிட்டு, இதுதான் பதில் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

பயிர் தூர் கட்டி நின்ற சமயம். ஒரு நாள் காலை, பாதையோரப் பாத்தியைப் பார்த்ததும் குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. இலைகள் சுருண்டிருந்தன. கம்ப்யூட்டர் திரையிலோ, அந்தப் பாத்தியில் தண்ணீர் நிறைய இருப்பதாகக் காட்டியது. சென்சாரை மாற்றினேன், அதையே காட்டியது. விற்ற கடைக்காரரைப் போனில் காய்ச்சி எடுத்தேன். கடைசியில் கோபத்தில் பைப்பையே பிடுங்கினேன். தண்ணீர் ததும்பத் ததும்ப, ஒரு சொட்டுச் சிந்தாமல் கையோடு வந்தது.

ஓர் ஓட்டை பாக்கியில்லை. பசை வைத்து, மேலே வெள்ளை டேப் சுற்றி, அடியில் மூடியும் போட்டு அடைத்திருந்தது. டேப்பின் நுனியை உள்ளே மடித்து விடுகிற பழக்கம் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவருக்குத்தான் உண்டு.

மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு வந்த கணவரிடம் பைப்பை நீட்டினேன்.

"என்னங்க இது?"

முகமெல்லாம் சிரிப்பு. "பாத்துட்டியா? அன்னைக்கு நீ மீட்டிங்ல இருந்தப்போ பிடுங்கிப் பாத்து அடைச்சேன். எவனோ ஓட்டை பைப்பை உன் தலையில கட்டியிருக்கான். நாலு பெரிய மனுஷங்க வர்ற இடம், உன் மானம் என்ன ஆகறது? தண்ணியும் ரொப்பி வெச்சேன்."

"ஓட்டை இருக்கணுங்க! அது வழியாதான் தண்ணி வரணும், போகணும்!"

சிரிப்பு இறங்கியது. பாத்தியைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார். "ஓட்டையோட ஒரு பைப்பா..." என்றார். அவர் தொழிலில் அப்படி ஒரு பொருளே கிடையாது.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. யாரைக் கடிந்துகொள்வது? மோட்டாரைக் கையால் போட்டுத் தண்ணீர் விட்டேன். அவர் சாப்பிடாமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஒரு பாத்தியைக் கணக்குல காட்டாம விட்டுடேன்" என்றார் மெதுவாக.

"எட்டு வருஷமா பொய் சொல்லாம வந்துட்டேன். இப்ப உங்களுக்காக ஆரம்பிக்கவா?" என்று எரிந்து விழுந்தேன்.

அறுவடையும் வந்தது, கேள்விக்குறியும் வந்தார். மற்ற பாத்திகளில், தண்ணீர் தேக்கி வளர்த்த வயலுக்கு இணையான விளைச்சல். அவர் அதையெல்லாம் தாண்டிப் போய்ப் பாதையோரப் பாத்தியில் நின்றார்.

"இது ஏன் கொஞ்சம் மட்டமா இருக்கு?"

ஒளிக்காமல் சொன்னேன். பைப்பை அடைத்தது, சென்சார் ஏமாந்தது, பயிர் காய்ந்தது, அடைத்தவர் என் கணவர் என்பது வரை. எட்டு வருடமும் கைநழுவிப் போகிறது என்றே நினைத்தேன்.

"அவ்வளவு காய்ஞ்சும் எவ்வளவு குறைஞ்சுது?"

"பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை, சார்."

"அவ்வளவுதானா?" என்றவர், முதல் தடவையாகச் சிரித்தார். "போன வருஷம் நான் கேட்டதுக்கு இது பதில் இல்லையா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கருவி கெட்டால் பயிர் செத்துவிடாது. ஒரு மூட்டை போகும், மற்றது பிழைக்கும். என்னால் செய்ய முடியாத சோதனையை இந்த மனுஷன் டேப் சுற்றிச் செய்துவிட்டிருக்கிறார்.

"ஒரு பாத்தியை வெச்சு முடிவு சொல்லலாமா? அடுத்த போகம் வேணும்னே மூணு பைப்பை அடைச்சுப் பார்க்க ஆள் கிடைப்பாரா?"

கேரியரோடு மரத்தடியில் பதுங்கியிருந்தவரைக் கைகாட்டினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கூடத்தில் புதுப் பைப்புகளைக் கிடத்தினேன். "அடைக்கறது மூணுதான். மத்ததுக்கெல்லாம் ஓட்டை போடணும்" என்று டிரில்லைக் கையில் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் ஓட்டையைப் போட்டார். ஊசி போட்டுக்கொள்கிறவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

சமையலறையில் சொட்டுச் சத்தம் கேட்டது.

"என் பைப்பை மட்டும் பாத்த உடனே அடைச்சீங்க. அது ஆறு மாசமா அழுதுட்டிருக்கே?"

"அது நம்ம வீட்டுக் குழாய், எங்கே போயிடப் போகுது? வயல்ல இருந்தது உன் எட்டு வருஷமாச்சே" என்றார், தலை நிமிராமல்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய்க் குழாயடியில் வாளியை வைத்துவிட்டு வந்து, அடுத்த பைப்பை அவருக்குப் பிடித்துக்கொடுத்தேன்.