கதவில் மாட்டிய மணி

குளித்துவிட்டு வந்தேன். வாசல் கதவு திறந்து கிடந்தது. மணிச் சத்தமே கேட்கவில்லை. என் ஒன்பது வயது மகளுக்குப் பேச்சு வராது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். அவள் வெளியே போனால் தெரியட்டும் என்றுதான் கதவில் அந்தப் பித்தளை மணியை மாட்டியிருந்தேன்.

"மணி எங்கே?" என்றேன், இரண்டு நாளாக வந்து தங்கியிருக்கும் நாத்தனாரிடம்.

"சத்தம் தாங்கல அண்ணி. காலையில குப்பையோட கொண்டுபோய்ப் போட்டுட்டேன்."

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் லாரிகள் பறக்கும் சாலை. நாத்தனார் பிள்ளையின் பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் வந்தாள்.

"கத்தித் தொலைக்காதே! மிரண்டு ரோட்டுக்குள்ள ஓடிடுவா!"

சாலையோரக் குப்பைத்தொட்டிக்கு வெளியே இரண்டு கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே தலையை விட்டு, பை பையாகக் கிழித்துக்கொண்டிருந்தாள் என் மகள். கடைசியில் மணியோடு நிமிர்ந்தாள்.

என்னைப் பார்க்கவே இல்லை. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மணியை அதே ஆணியில் மாட்டினாள். ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். நான் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

நாத்தனார் வெளியே நின்று தட்டினாள். மணி குலுங்கியது. திறக்க நான் அவசரப்படவில்லை.